குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்த ஒருவன், ஒருநாட் காலையில் இனி அதனைத் தொடுவதில்லையென உறுதி பூணுகின்றான். வீட்டார் மகிழ்கின்றனர். மாலைக்குள் அவன் விரல்கள் நடுங்கத் தொடங்குகின்றன, உடல் வியர்க்கின்றது, நெஞ்சு படபடக்கின்றது, காரணந் தெரியாத ஓர் அச்சம் அடிவயிற்றிலிருந்து எழுகின்றது. இரண்டாம் நாள் உறக்கம் இல்லை. சிலருக்கு வலிப்புக் காண்கின்றது. மூன்றாம் நாள், சுவரிலே பூச்சிகள் ஊர்வதாகவும் கட்டிலின் கீழே ஆட்கள் ஒளிந்திருப்பதாகவும் கண்டு அலறுகின்றான். குடித்த நாளெல்லாம் சாகாதவன் குடியை விட்ட வாரத்திலே இறந்துபோதலும் உண்டு. இந்நிலைக்கு வைத்திய நூலார் இட்ட இலத்தீன் பெயரைத் தமிழில் நடுக்கச் சன்னி எனலாம்.

இந்த மூன்று நாட்களை எவ்வாறு பத்திரமாகக் கடத்துவது என்பது ஒரு வினா. அதன்பின் பல வாரங்களும் மாதங்களும் நெஞ்சை அரிக்கும் பதற்றத்தை எதைக்கொண்டு ஆற்றுவது என்பது மற்றொரு வினா. மேலைநாட்டு வைத்தியர்கள் இவற்றுக்கு விடைதேடிய வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றின் பெரும் பகுதியில் அவ்விரு வினாக்களும் ஒன்றெனவே எண்ணப்பட்டன. அவ்வெண்ணத்தால் ஒரு தளையினின்றும் விடுபட்டோர் மறு தளையிற் பூட்டப்பட்டனர்.

1784 ஆம் ஆண்டிலே, பிலடெல்பியா நகர வைத்தியர் பெஞ்சமின் றஷ் வடிசாராயத்தின் தீமைகளை ஆராய்ந்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் இவரும் ஒருவர். வடிசாராயத்தை உடனடியாகவும் முற்றாகவும் விட்டொழிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குப் பதிலாக எதை அருந்துவது? பியர், ஆப்பிட் பழச்சாற்று மது, மென்மையான வைன் ஆகியவற்றை அளவோடு அருந்தலாம் என்றார். அக்காலத்தவர்க்குப் பியர் ஒரு மதுவாகவே தோன்றவில்லைப் போலும். இருபது ஆண்டுகள் கழித்து, 1804 இல், பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராயிருந்த தோமஸ் ட்றொட்டர் குடிவெறியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குடிப்பழக்கம் மனத்தின் நோய் என்றும், நோயாளியின் நம்பிக்கையைப் பெறாத வைத்தியன் அதனைத் தீர்த்தல் அரிது என்றும் அவர் கூறினார். கப்பற் படையினரை ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்தவரின் சொல் அது. நெடுங்காலம் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

நடுக்கச் சன்னிக்கு அதன் பெயரைச் சூட்டியவர் தோமஸ் சட்டன் என்னும் ஆங்கில வைத்தியர். 1813 இல் வெளிவந்த அவரது நூலிற்கு முன்னர், இந்நோய் மூளை அழற்சியோடு ஒன்றாக எண்ணப்பட்டது. மூளை அழற்சிக்கு அக்கால வைத்தியம் இரத்தத்தை வடித்துவிடுதல். நடுங்கி வியர்த்துக் கிடப்பவனின் இரத்தத்தையும் வடித்தால் அவன் என்ன ஆவான்? இரத்தம் வடிக்கப்பட்டோர் இறப்பதையும் அபின் கொடுக்கப்பட்டோர் உறங்கித் தெளிவதையும் சட்டன் கண்டார். ஆகவே இரத்தம் வடித்தலைக் கைவிட்டு அபினைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் கண்டது உண்மையே. அத்தாராளமோ பிற்காலத்திற் பெருந் தீங்காயிற்று. அபினால் உறங்கியவருட் சிலர் மீண்டும் எழவேயில்லை. உயிர் பிழைத்தவருட் சிலர் அபினைக் கேட்டு அதே வாயிலுக்குத் திரும்பினர்.

இதற்கு முதல் மறுப்பு பொஸ்டன் நகரிலிருந்து வந்தது. ஜோன் வெயர் என்னும் வைத்தியர், மருந்து மிகக் குறைவாகவோ கொடாமலோ பல நோயாளரை அருகிருந்து கவனித்து, 1831 இல் தம் முடிவை வெளியிட்டார். நடுக்கச் சன்னி தனக்கென ஒரு கால எல்லை உடையது. ஏறத்தாழ மூன்று நாட்களில் இயல்பான உறக்கத்தோடு முடிவது. அபின் அதனைச் சுருக்கியதாகத் தெரியவில்லை என்பது அவர் கூற்று. 1854 இல் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாந்தர் பெடி, அபினும் மதுவும் இன்றியே இந்நோயைப் பார்க்கலாம் என எழுதினார். நோயாளியைக் கட்டிவைத்து, மயக்கத்திலாழ்த்தி, உறக்கத்தை வலிந்து வரவழைத்த காலத்தில், அருகிருந்து காவல் காத்து உணவூட்டுதலே போதும் என்பது துணிவான கூற்று. ஆயினும் அதில் ஒரு குறையும் இருந்தது. சிலர் அம்மூன்று நாட்களிலே மாண்டனர். அவர்களை எது காப்பாற்றியிருக்கும் என்பதற்கு வெயரிடமும் பெடியிடமும் விடை இல்லை.

வைத்தியசாலைக்கு வெளியே நிலைமை வேறு. குடியை விட்டவனுக்கு எஞ்சிய பதற்றத்தைத் தீர்ப்பதாகக் கூறிப் புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைத்தெருவுக்கு வந்தன. 1884 இல், வியன்னாவில் அப்போது இளம் வைத்தியராயிருந்த சிக்மண்ட் புரொய்ட், கொக்கா இலையின் சாரமாகிய கொக்கெயினைப் பற்றி எழுதிய கட்டுரையில், மோபின் பழக்கத்தையும் மதுப் பழக்கத்தையும் விடுவதற்கு அது துணையாகும் என்றார். மோபினுக்கு அடிமையாகியிருந்த தம் நண்பர் ஏர்ன்ஸ்ட் பிளைஷ்லுக்கும் அதனையே பரிந்துரைத்தார். நண்பர் மோபினையும் விடவில்லை, கொக்கெயினையும் சேர்த்துக்கொண்டார், 1891 இல் இறந்தார். இதனினும் வியப்பானது 1889 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர வைத்திய ஏடொன்றில் வந்த ஒரு கட்டுரை. ஜே. ஆர். பிளாக் என்பவர் அதை எழுதினார். குடியை விடவே முடியாதவனுக்கு அதன் இடத்தில் மோபினைப் பழக்கிவிடுதல் நன்று என்பது அவர் வாதம். மோபின் மலிவானது, அதை உட்கொள்பவன் தெருவிற் சண்டையிடான், மனைவியை அடியான், அமைதியாக இருப்பான். கொடுமனம் கொண்டு எழுதப்பட்ட கட்டுரை அன்று அது. குடிகாரனின் வீட்டிலே நிகழ்வதைக் கண்கூடாகக் கண்ட ஒருவர், தீமைகளுட் சிறியதைத் தேர்ந்தெடுக்க முயன்றார். அவர் தராசில் வீட்டாரின் அமைதி ஏற்றப்பட்டது. நோயாளியின் விடுதலை ஏற்றப்படவில்லை.

1869 இல் குளோறல் என்னும் உறக்க மருந்து ஜேர்மனியில் அறிமுகமாயிற்று. அபினைப்போல் பழக்கமாகாது என்று அதனைப் பலரும் நம்பினர். ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமாகிய தாந்தே கேபிரியல் றொசெற்றி உறக்கமின்மைக்காக அதனைக் குடிக்கத் தொடங்கி, அதன் கசப்பைப் போக்க விஸ்கியைச் சேர்த்துக் குடித்தார். 1882 இல் அவர் இறந்தபோது இரண்டும் அவருடலை அழித்திருந்தன. 1903 இல் பார்பிற்றுரேற்று வகை உறக்க மருந்துகள் வந்தன. அவையும் பழக்கமாகா என்றே கூறப்பட்டது. ஒவ்வொரு புதிய மருந்தும் பிறக்கும்போது அதற்கு இந்நற்சான்று வழங்கப்பட்டமை இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி.

பார்பிற்றுரேற்று வருமுன்னரே வணிகரும் களத்தில் இறங்கியிருந்தனர். இலினோய் மாநிலத்தின் டுவைட் என்னும் சிற்றூரிலே, லெஸ்லி கீலி என்ற வைத்தியர் 1879 இல் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவி, பொன்னின் உப்புச் சேர்ந்த மருந்தொன்றாற் குடியை அறவே போக்குவதாக விளம்பரஞ் செய்தார். நாளொன்றுக்கு நான்கு ஊசிகள். இரண்டு மணிக்கொரு தரம் ஒரு கரைசல். நான்கு வாரம் தங்குதல். கிளைகள் நூற்றுக்கு மேலாயின. மருந்தை ஆராய்ந்த இரசாயனர் அதிற் பொன்னைக் காணவில்லை, மதுசாரத்தைக் கண்டனர். ஆயினும் அங்குச் சென்றோர் பலர் பயனடைந்ததாகவே கூறினர். காரணம் ஊசியில் இல்லை. வந்த முதல் நாட்களில் நோயாளிக்கு விஸ்கி மறுக்கப்படவில்லை. நாட்செல்ல அவனே அதை வேண்டாமென்றான். அன்றியும், ஒரே துன்பத்தை அனுபவித்தவர்கள் ஒருங்கு கூடி, வெட்கமின்றித் தம் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். கீலி விற்ற பொன்னைவிட இலவசமாகக் கிடைத்த அக்கூட்டுறவு மேலானதாயிருந்திருக்கலாம்.

கீலியிடம் போக வசதியில்லாதோர் தபாலில் வரும் புட்டி மருந்துகளை வாங்கினர். குடியைப் போக்கும் மருந்தில் அபினும், அபின் பழக்கத்தைப் போக்கும் மருந்தில் மோபினும் இருந்தன. 1905 இல் சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் என்னும் பத்திரிகையாளர் இம்மோசடிகளை ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வெளிப்படுத்தினார். அடுத்த ஆண்டிலே இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், மதுசாரமும் அபினும் மோபினும் கொக்கெயினும் மருந்திற் சேர்ந்திருப்பின் அவற்றைப் புட்டியின் மேல் எழுத வேண்டும் என விதித்தது. வாங்குபவன் தான் எதை விழுங்குகின்றான் என்பதை அறியும் உரிமை அன்றுதான் அவனுக்குக் கிடைத்தது.

1935 ஆம் ஆண்டிற்கு வருவோம். ஒகையோ மாநிலத்தின் அக்றன் நகரில் றொபேட் சிமித் என்றொரு சத்திர வைத்தியர் இருந்தார். அவர் தம் வரலாற்றைப் பின்னர் எழுதியபோது, தம்மை ஆண்ட இரண்டு அச்சங்களைக் குறிப்பிட்டார். ஒன்று, இரவில் உறக்கம் வாராதோ என்பது. மற்றொன்று, வீட்டில் மது தீர்ந்துவிடுமோ என்பது. உறங்குவதற்காகக் குடித்தார், காலையிற் கை நடுங்காமல் சத்திரசிகிச்சை செய்வதற்காக உறக்க மருந்துகளைப் பெருமளவில் உட்கொண்டார், மாலையில் மீண்டும் குடித்தார். மதுவும் மருந்தும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து அவரைப் பல ஆண்டுகள் சுமந்து சென்றன. அவ்வாண்டில், நியூயோர்க் பங்குத் தரகர் பில் வில்சனை அவர் சந்தித்தார். வில்சனும் குடியினால் நொந்து, சில மாதங்களின் முன்னர் அதனை விட்டவர். ஜூன் 10 ஆம் திகதி காலை சிமித்துக்கு ஒரு சத்திரசிகிச்சை இருந்தது. கை நடுங்கிற்று. வில்சன் அவர் கையில் ஒரு பியர்ப் புட்டியைக் கொடுத்தார். அதுவே சிமித்தின் இறுதிக் குடி என்பர். அவ்விருவரும் தொடங்கிய குடிமறப்போர் கூட்டுறவு தன் பிறந்தநாளாகக் கொள்வதும் அத்திகதியையே.

அந்தப் புட்டி வைத்திய விதியன்று. அதைப் பார்த்து எவரும் தம் வீட்டிற் செய்தலும் தகாது. ஆயினும் அதில் அடங்கியிருந்த உண்மையை வைத்திய உலகம் அப்போது தெளிவாக அறிந்திருக்கவில்லை. நடுக்கச் சன்னி மதுவின் நஞ்சினால் வருவதா, மது நின்றுபோனதால் வருவதா என்னும் வழக்கு 1930 களிலும் தீரவில்லை. நஞ்சினால் என்றோர், மதுவை உடனே நிறுத்துவதில் ஆபத்தில்லை என்றனர். சிறைச்சாலைகளிலும் காவல் நிலையங்களிலும் அக்கொள்கையே நடந்தது. பூட்டிய அறையில் மூன்றாம் நாள் நிகழ்ந்தவை பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை.

வழக்கைத் தீர்த்தவை இரண்டு ஆய்வுகள். முதலாவது மீண்டும் பொஸ்டனில் நிகழ்ந்தது. அந்நகரப் பொது வைத்தியசாலைக்குத் தொடர்ந்து வந்த 266 மதுநோயாளரை மொறிஸ் விக்டரும் றேமண்ட் அடம்சும் கவனித்து 1953 இல் அறிக்கை தந்தனர். கடைசிக் குடிக்குப் பின் சில மணிகளில் நடுக்கம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு. அதன்பின், பெரும்பாலும் மூன்றாம் நாளளவில், சன்னி. எல்லாம் குடி நின்ற கடிகாரத்தின்படியே நடந்தன. இரண்டாவது ஆய்வை ஹரிஸ் இஸ்பெல் என்பவர் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனிலிருந்த போதைப்பொருள் வைத்தியசாலையிற் செய்து 1955 இல் வெளியிட்டார். முன்னர் மோபினுக்கு அடிமையாயிருந்து அங்கே சிறைத்தண்டனை அனுபவித்தவர்களுக்கு நல்லுணவும் விற்றமின்களும் கொடுத்து, நாள்தோறும் மதுவும் கொடுத்தனர். ஆறு பேர் 48 முதல் 87 நாட்கள் வரை குடித்தனர். பின்னர் மது திடீரென நிறுத்தப்பட்டது. உணவுக் குறைவில்லாத அவர்களுக்கும் கடும் நடுக்கம் வந்தது. சிலருக்கு வலிப்பும் சன்னியும் வந்தன. காரணம் நிறுத்தமே என்பது ஐயமற நிறுவப்பட்டது. சிறையிலிருப்பவன் தரும் சம்மதம் எத்தகைய சம்மதம் என்னும் கேள்வி அன்று உரக்க எழவில்லை. இன்று எவரும் இத்தகைய ஆய்வைச் செய்ய இசையார். எண்ணற்றோரைக் காத்த அறிவு அவர்கள் உடலிலிருந்து பெறப்பட்டது என்பதை மறைத்தலும் ஆகாது.

இதே இஸ்பெல் 1950 இல் பார்பிற்றுரேற்று மருந்தைக் குறித்தும் இவ்வகை ஆய்வொன்றை வெளியிட்டிருந்தார். அம்மருந்தைத் திடீரென நிறுத்தியபோதும் அதே நடுக்கம், அதே வலிப்பு, அதே சன்னி. அக்றன் வைத்தியரின் காலை மருந்தும் மாலை மதுவும் மூளைக்கு ஒரே வேலையைச் செய்தமை இதனால் விளங்குகின்றது.

அவ்வேலை யாது? மூளையில் வேகத்தை அடக்கும் இரசாயனமும் உண்டு. முடுக்கும் இரசாயனமும் உண்டு. மது அடக்குவதற்குத் துணைசெய்து முடுக்குவதைத் தடுக்கின்றது. நாள்தோறும் இவ்வாறு நடந்தால், மூளை தன் அடக்கு விசையைத் தானே தளர்த்தி, முடுக்கு விசையைக் கூட்டிக்கொள்கின்றது. பளுவேற்றிய மாட்டு வண்டியை மேட்டில் இழுக்கும் காளை முழுப் பலத்தோடு முன்சாய்ந்து நிற்பதுபோல. பளு சடுதியாக அறுந்து வீழ்ந்தால் காளை முன்னே பாய்கின்றது. அப்பாய்ச்சலே நடுக்கமும் வலிப்பும் சன்னியும். அச்சமும் அதுவே. முதல் நாட்களின் பதற்றத்தை மனவுறுதி இன்மையென்று பழிப்பது, வலிப்பை மனவுறுதி இன்மையென்று பழிப்பதற்கு ஒப்பாகும். குடித்து நிறுத்திப் பின்னும் குடித்து நிறுத்துவோருக்கு ஒவ்வொரு முறையும் பாய்ச்சல் கடுமையாகலாம் என்பதை 1978 இல் பலெஞ்சர், போஸ்ட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். ஆகவே நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர், முக்கியமாக முன்னர் வலிப்போ சன்னியோ கண்டவர், வைத்தியரைக் கேளாது வீட்டிலே தனித்திருந்து சடுதியில் நிறுத்துதல் உயிராபத்தாகும். தகுந்த சிகிச்சையோடு சன்னியில் இறப்போர் இக்காலத்தில் நூற்றுக்கு ஐவரினும் குறைவு.

இனி மருந்தின் கதை. நியூஜேர்சி மாநிலத்து நட்லியில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே லியோ ஸ்ரேண்பாக் என்னும் இரசாயனர் ஆக்கி, பயனற்றதெனத் தட்டில் ஒதுக்கியிருந்த ஒரு பொருள், 1957 இல் மேசையைத் துப்புரவாக்கும்போது மீண்டும் கண்ணிற் பட்டுச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. அது 1960 இல் லிபிரியம் என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. 1963 இல் அதன் தம்பியாகிய வலியம் வந்தது. 1969 இல் கைம் என்பவரும் கூட்டாளரும் அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளில் 537 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டனர். லிபிரியம், வேறு மூன்று மருந்துகள், மருந்தற்ற வெறும் வில்லை ஆகிய ஐந்தும் ஒப்பிடப்பட்டன. வலிப்பும் சன்னியும் மிகக் குறைந்திருந்தது லிபிரியம் பெற்றோரிடமே. மனநோய்க்குப் புகழ்பெற்ற குளோர்புறொமசின் பெற்றோருக்கு, வெறும் வில்லை பெற்றோரைக் காட்டிலும் வலிப்பு அதிகமாயிருந்தது. வெயரும் பெடியும் காப்பாற்ற இயலாதவர்களைக் காப்பாற்றும் மருந்து இவ்வாறு கிடைத்தது.

ஆனால் பழைய பிழை உடனே தொடர்ந்தது. மூன்று நாளுக்கு உரிய மருந்தை மூன்று ஆண்டுக்குக் கொடுத்தனர். எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. லியோ ஹொலிஸ்ரர் 1961 இலேயே, மாதக்கணக்கில் பெருமளவு லிபிரியம் உட்கொண்ட 11 பேருக்கு அறிவிக்காது அதனை நிறுத்திப் பார்த்ததில், 10 பேருக்குப் புதிய வேதனைகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. எச்சரிக்கை நூலகத்தில் கிடந்தது. வில்லைகள் வீடுகளுக்குச் சென்றன. 1978 இல் மட்டும் அமெரிக்காவில் 200 கோடிக்கு மேற்பட்ட வலியம் வில்லைகள் விற்பனையாயின. அதே ஆண்டில், முன்னாட் சனாதிபதியின் மனைவி பெற்றி போட் அம்மையார், வலிக்கும் பதற்றத்திற்கும் வைத்தியர் கொடுத்த மருந்துகளோடு மதுவுக்கும் தாம் அடிமையாகிவிட்டதை உலகறியச் சொல்லிச் சிகிச்சை பெற்றார். இவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்த ஒரு பெண் அதனைச் சொன்னமை, கதவை மூடிக்கொண்டு வில்லை விழுங்கிய பல பெண்களுக்கு வாய் திறக்கும் துணிவைத் தந்தது. 1982 இல் அவர் பெயரால் கலிபோர்னியாவில் ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. 1988 இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இவ்வகை மருந்துகளைக் கடும் பதற்றத்திற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேற் கொடுத்தல் தகாது என அறிவுறுத்தியது. முன்னரே நெடுநாள் உட்கொண்டு வருவோர் அவற்றையும் சடுதியில் நிறுத்தலாகாது. படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

குறுகிய காலம் என்பது எவ்வளவு குறுகலாம்? இதற்கும் விடை பொஸ்டனிலிருந்தே வந்தது. அங்குள்ள படைவீரர் வைத்தியசாலையில் றிச்சட் சைற்ஸ் என்பவரும் கூட்டாளரும் 101 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் நேரந்தவறாது லிபிரியம் வழங்கப்பட்டது. மற்றப் பிரிவினரைத் தாதியர் அடிக்கடி சென்று பார்த்து, நடுக்கம், வியர்வை, பதற்றம் முதலியவற்றுக்குப் புள்ளியிட்டு, புள்ளி ஏறியபோது மட்டும் மருந்து கொடுத்தனர். 1994 இல் வெளியான முடிவின்படி முதற் பிரிவினருக்கு மருந்து நடுத்தரமாக 68 மணி நேரம் தேவைப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்கு 9 மணி நேரமே போதுமாயிற்று. தீங்கு கூடவில்லை. அருகிருந்து பார்க்கும் கண்ணே மருந்தின் பெரும்பகுதியாக இருந்ததென்பதை 1831 இல் வெயர் கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

இடையிலே சோறுண்ணும் நாட்டாருக்கு உரிய ஒரு செய்தி. 1881 இல் பேர்லினில் கார்ல் வேர்னிக்கே, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, அறிவு மயங்கி இறந்த மூவரைப் பற்றி எழுதினார். அவருள் இருவர் குடிகாரர். இதற்குக் காரணமான குறையோ யாவாத் தீவிலே தீட்டிய அரிசியை உண்டோரின் பெரிபெரி நோயினூடாக வெளிப்பட்டது. 1926 இல் யான்சன், டொனத் என்னும் ஒல்லாந்தர் அங்கே அரிசித் தவிட்டிலிருந்து தயமின் என்னும் விற்றமினைப் பிரித்தெடுத்தனர். நெடுநாட் குடித்தவர் உடலில் இது வற்றிப்போகின்றது. குடியை நிறுத்த வந்தவருக்கு வைத்தியர் முதலில் தயமின் கொடுப்பது இதனாலேயே. அற்பமாகத் தோன்றும் இவ்வூசி ஒருவரின் ஞாபக சக்தியை வாழ்நாள் முழுதும் காக்கலாம்.

இத்தனையும் முதற்கிழமையின் கதை. இரண்டாம் வினா எஞ்சி நிற்கின்றது. கிழமை கழிந்தபின் வரும் பதற்றத்தை என் செய்வது? இதனைத் தனியே பிரித்துப் பார்த்தவர்களுள் முக்கியமானவர் கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோ நகரின் மார்க் ஷகிற். அவரும் கூட்டாளரும், குடியை விட்டவர்களின் பதற்றத்தை வாரந்தோறும் அளந்து 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினர். சிகிச்சைக்கு வந்த நாளில் மிக உயர்ந்திருந்த பதற்றம், வேறு மருந்து இல்லாமலே வாரங்கள் செல்லச் செல்லப் பெரும்பாலோரிடம் தணிந்தது. குடிப்பவன் தன் பதற்றத்திற்காகக் குடிப்பதாக நம்புகின்றான். அப்பதற்றத்திற் பெரும் பங்கு முதல்நாட் குடி விட்டுச்சென்ற வட்டி. கடனை அடைத்தால் வட்டி நிற்கும். ஆனால் அதற்குச் சில வாரம் வேண்டும். அந்தச் சில வாரத்தில்தான் அபினும் கொக்கெயினும் குளோறலும் வலியமும் கதவைத் தட்டின.

எல்லாருக்கும் பதற்றம் தானே தணிவதில்லை. குடிக்கத் தொடங்குமுன்னரே கூட்டத்தைக் கண்டு நடுங்கியவரும், திடீர்த் திகிலுக்கு ஆளானவரும் உளர். அவருடைய பதற்றம் தனி நோய். அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். இங்கேயும் பழைமை உண்டு. சிக்காகோவின் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929 இல் தசைகளை ஒவ்வொன்றாய் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நூலாக்கினார். தென்னாபிரிக்கராகிய ஜோசப் வொல்பே 1958 இல் அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாய் அணுகும் முறையை விளக்கினார். அவுஸ்திரேலிய வைத்தியர் கிளயர் வீக்ஸ் அம்மையார் 1962 இல் வெளியிட்ட நூல், நெஞ்சு படபடக்கும்போது அதனோடு போராடாது, அது வந்து போகட்டும் என விட்டிருக்கப் பழகுமாறு நோயாளிக்குச் சொன்னது. மனப்பதற்றத்திற்கு இக்காலம் வழங்கும் உளச்சிகிச்சை முறைகள் பலவும் இவற்றின் வழிவந்தவை. மருந்தே வேண்டுமாயின், வெறியூட்டாத, மேன்மேலும் வேண்டுமென்னும் வேட்கையை எழுப்பாத மனச்சோர்வு மருந்துகளை வைத்தியர் தேர்கின்றனர். அவை வேலைசெய்யச் சில வாரமாகும். அவற்றையும் தாமே திடீரென நிறுத்தலாகாது.

எவரும் போதையென எண்ணாத ஒரு மாற்றுத் தளையும் உண்டு. அக்றனில் தொடங்கிய கூட்டங்களிலே மதுவின் இடத்தைக் கோப்பியும் சிகரெட்டும் பிடித்தன. கோப்பியாற் பெருந்தீங்கு இல்லை. பில் வில்சன் 1934 இன் இறுதியில் விட்ட மதுவை அதன்பின் தொடவில்லை. புகையையோ நெடுங்காலம் விடமுடியவில்லை. நுரையீரல் ஊதற்பிணியால் வருந்தி 1971 ஜனவரியில் அவர் இறந்தார். 1996 இல் மினசோட்டா மாநிலத்து வைத்தியர் ஹேட்டும் கூட்டாளரும், மது முதலிய பழக்கங்களுக்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த கணக்கை வெளியிட்டனர். அதற்குள் 222 பேர் இறந்திருந்தனர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொன்றவை புகையிலையால் வரும் நோய்கள். மதுவால் வரும் நோய்கள் மூன்றிலொரு பங்கினரையே கொன்றன.

குடியை விடுபவனிடம் சிகரெட்டையும் பறித்தால் இரண்டையும் தாங்கமாட்டான், மீண்டும் குடிப்பான் என்பது சிகிச்சை நிலையங்களில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2004 இல் புறொச்சஸ்கா என்பவரும் கூட்டாளரும் வெளியிட்ட கணக்கு அதற்கு மாறானது. சிகிச்சையின்போதே புகையை விடவும் உதவி பெற்றவர்கள், பெறாதவரைவிட நாற்பதுக்கு ஐம்பது என்னும் விகிதத்தில், நெடுநாள் மதுவும் பிற போதையும் இன்றி இருந்தனர்.